ஏரிக்கரைத் தாய்மாரும் நமது கடமையும்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளத்தற்குப் பல கோல்கள் உண்டு. மாட மாளிகைகளின் உயரத்தைக் கொண்டு அளப்பாரும், கலாசாலைகளின் தொகையைக் கொண்டு அளப்பாரும், கருவூலத்தின் நிறைவைக் கொண்டு அளப்பாரும் உளர். இவற்றினும் நேரிய கோல் ஒன்று உண்டென நாம் கருதுகின்றோம். அந்நாட்டில் ஓர் ஏழைப் பெண் கருவுற்றால், அவளும் அவள் மகவும் நலத்தோடு வீடு திரும்புவரா என்பதே அக்கோல். பிள்ளைப்பேற்றைப் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் முன்னோர் வழங்கிவந்தனர். அச்சொல்லில் மகிழ்ச்சியினும் அச்சமே மிகுதி. எத்தனை வீடுகளில் தொட்டில் கட்டிய கையே பாடை கட்டவும் நேர்ந்திருந்தால் அத்தகைய சொல் மொழியில் வேரூன்றியிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பின் நெஞ்சம் நடுங்கும்.

இக்கோல் கொண்டு அளக்குங்கால் தமிழ்நாடு தலைநிமிர்ந்து நிற்கத் தக்கதே. 2018 முதல் 2020 வரையுள்ள ஆண்டுகளுக்கு இந்திய அரசாங்கத்தார் வெளியிட்ட மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியா முழுமையிலும் 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டிலோ அவ்வெண் 54. 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, நம் நாட்டுப் பிரசவங்களுள் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்டவை வைத்தியசாலைகளிலேயே நிகழ்வதாகக் கூறுகின்றது. இவை எளிதில் எய்திய பேறுகள் அல்ல. ஆயினும் அதே கணக்கில் நம் அண்டை நாடாகிய கேரளத்தின் எண் 19 என்பதையும் நாம் மறத்தலாகாது. 19 இயலுமாயின் 54-இல் நிறைவு கொள்வது எங்ஙனம்?

அன்றியும், சராசரி என்பது பலருடைய நலத்தில் சிலருடைய இன்னலைக் கரைத்துக் காட்டும் கணக்கு. நகரத்துத் தாயின் பாதுகாப்பும் குப்பத்துத் தாயின் இடரும் ஒரே தொகையில் கலந்துவிடும். ஆதலின், நாட்டின் விளிம்பில் நிற்போர் நிலையைத் தனியே நோக்குதல் வேண்டும். அதன் பொருட்டு நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. சென்னைக்கு வடக்கே புகைவண்டியில் சில நிலையங்கள் கடந்தால் பொன்னேரி. அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் கிழக்கே சென்றால் பழவேற்காடு. இவ்வளவு அண்மையிலுள்ள ஓர் ஏரிக்கரையைக் கொண்டே இக்கட்டுரையில் சில எண்ணங்களை வாசகர்முன் வைக்க விழைகின்றோம்.

பொன்னேரி வட்டம் திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆரணியாறு பொன்னேரியை அடுத்து ஓடிப் பழவேற்காட்டு ஏரியிற் சென்று கலக்கின்றது. ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பெரியது இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும் தென்பகுதி நம் நாட்டிலும் கிடக்கின்றது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் இங்குக் கோட்டை கட்டி வாணிகம் நடத்தினர். அவர்தம் கல்லறைகளை இன்றும் காணலாம். ஏரியின் கரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டிலும் மீனவர் குப்பங்கள் பல உள்ளன. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடிகளும் இங்கு உண்டு. ஆடவர் வலை வீசுவர். பெண்டிர் மீனைக் கூடையிற் சுமந்து விற்பர், உப்பிட்டு உலர்த்துவர். கருவுற்ற பெண்ணும் இவ்வேலைகளினின்று விலகி நிற்றல் அரிது. அன்றன்று வரும் கூலியே அன்றன்றைய உலை. கூடை இறங்கினால் அடுப்பும் அணையும்.

நிற்க. இத்தகைய தாய்மாரைக் காக்க நம் நாடு இதுகாறும் செய்தவற்றைச் சுருங்கக் கூறுதல் தகும். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-இல் பெண்களுக்கென வைத்தியசாலை ஒன்றை நிறுவியதும், 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதும் யாவரும் அறிந்தவை. ஆடவ மருத்துவரிடம் மனைவியரை அனுப்ப மறுத்த வீடுகளில் ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் பேறுகாலத்தில் உயிர் துறந்ததைக் கண்டதே அவரை மருத்துவத் துறைக்கு ஈர்த்தது என்பர். நோயாளிகள் வைத்தியசாலைக்கு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சாலையோரங்களில் குறித்த நாளிற் குறித்த மரநிழலில் மருந்துப்பெட்டியோடு சென்று நின்றார். மருத்துவமே மக்களை நாடிச் செல்லல் வேண்டும் என்னும் நெறி அன்று நிலைபெற்றது. பின்னர் 1939-இல் சென்னை மாகாணத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. தாய் சேய் நலம் பேணுதலை ஸ்தல ஸ்தாபனங்களின் கடமைகளுள் ஒன்றாக அச்சட்டம் கொண்டது. மிஷன் கல்லூரியிற் பயின்று பிரசவ மருத்துவத்தில் பெரும்புகழ் எய்தி, 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாரை நம் மாணவர் நினைவு கூர்தல் நன்று.

1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் இன்று வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம், எண்பதுகளின் பிற்பகுதியில் சில நூறு ரூபாயாகத் தொடங்கியது. 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இதில் ஒரு பகுதி ஊட்டப்பொருட் பெட்டகமாகவும், எஞ்சியது பணமாகத் தவணை தவணையாகவும் தரப்படுகின்றது. 1975-இல் இந்திய அரசாங்கத்தார் தொடங்கிய அங்கன்வாடிகளும், 1980-இல் நம் நாட்டிற் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து எடை குறைந்தோர்க்கு ஊட்டம் அளித்த திட்டமும், 2008 முதல் ஓடும் 108 வண்டிகளும், இரவும் பகலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், வீடு வீடாகச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியரும் இவ்வரலாற்றின் பிற அங்கங்கள். தாய் ஒருத்தி இறந்தால் அது ஏன் நேர்ந்தது என்று ஒவ்வோர் இறப்பையும் துருவி ஆராயும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. இத்துணையும் இருப்பவும் இன்னும் நாம் பேச வேண்டுவது யாது எனின், திட்டங்கள் எல்லாரையும் ஒரே தன்மையாக நோக்குகின்றன. இடர் எல்லாரிடத்தும் ஒரே தன்மையாக இல்லை என்பதே.

பிள்ளைப்பேறு ஏனைய இன்னல்களைப் போன்றதன்று. பாம்பு கடிப்பதும் படகு கவிழ்வதும் சொல்லிக்கொண்டு வருவன அல்ல. பேறோ பல மாதங்களுக்கு முன்னரே தன் வரவை அறிவித்துவிடுகின்றது. பழவேற்காட்டு ஏரியை அடுத்த ஸ்ரீஹரிகோட்டாவில் விண்கலம் ஏவும் நாளில், மீனவர் கடலுக்குச் செல்லாது நிற்குமாறு முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றனர். குறித்த நேரம் ஒன்று உண்டு என்பதற்காக அக்கரை முழுதும் ஒழுங்குபடுகின்றது. குப்பத்தில் ஒரு பெண்ணின் பேறுகாலமும் அவ்வாறே எண்ணிக் குறிக்கப்பட்ட காலமன்றோ? ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எந்தெந்தக் குப்பத்தில் எத்தனை பெண்கள் பேற்றை எதிர்நோக்கியிருப்பர் என்பதைச் செவிலியின் ஏடு ஆனி, ஆடியிலேயே கூறிவிடும். அவர்களுள் எவள் இரத்தம் குன்றியவள், எவளுக்கு இரத்த அழுத்தம் ஏறியுள்ளது, எவளுக்கு முன்னைப் பேற்றில் அறுவை நிகழ்ந்தது என்பதும் அவ்வேட்டில் உண்டு. அறிந்த இடருக்கு ஆயத்தம் செய்யாதிருத்தல் விதியின் குற்றமன்று; நிருவாகத்தின் குற்றமே.

முதலாவதாக இரத்தக் குறைவை எடுத்துக்கொள்வாம். 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டிற் கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 48 பேர் இரத்தக் குறைவுடையோர். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் பழமொழி. கருவுற்ற காலத்தில் மட்டும் இப்பழமொழி செல்லாது. அப்போது இருவர்க்கும் வாய் ஒன்று, வயிறும் ஒன்று. தாய் உண்ணாதது சேய்க்கு இல்லை. பேற்றின்போது நலமுள்ள பெண் தாங்கிக்கொள்ளும் அளவு இரத்தம் வடிந்தாலும், இரத்தம் குன்றியவள் அதனைத் தாங்கமாட்டாள். பேற்றுக்குப் பின் பெருக்கெடுக்கும் இரத்தத்தைத் தடுக்காவிடில் இரண்டே மணி நேரத்தில் உயிர் போகக் கூடும் என மருத்துவர் கூறுவர். மீன் மலிந்த ஏரிக்கரையில் இக்குறை ஏன் என்று சிலர் வினவலாம். நல்ல இறாலும் நண்டும் வியாபாரியின் தராசுக்குச் செல்கின்றன. கடன் வாங்கியவன் பிடித்த மீன் கரை சேருமுன்னே பிறருடையதாகிவிடுகின்றது. வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பதே பெண்ணின் வழக்கம். மிகுதியாக உண்டால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும் என்று வயிற்றைச் சுருக்குவாரும் உளர். உணவோடு பருகும் தேநீர் இரும்புச் சத்தை உடல் ஏற்கவொட்டாது தடுக்கின்றது.

அரசாங்கம் இரும்புச் சத்து மாத்திரையைக் கருவுற்றோர்க்கு 180 நாட்களுக்கு இலவசமாகவே தருகின்றது. மாத்திரை கைக்குச் சேர்வது ஒன்று, வயிற்றுக்குச் சேர்வது மற்றொன்று. குமட்டலும் மலச்சிக்கலும் கண்டு பலர் அதனை நிறுத்திவிடுகின்றனர்; மலம் கறுத்ததைக் கண்டு அஞ்சுவாரும் உண்டு. இவை இயல்பென்றும், உணவுக்கும் தேநீருக்கும் எட்ட மாத்திரையை உண்ண வேண்டுமென்றும் பரிவோடு எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு ஆள் வேண்டும். சமவெளியில் 5,000 பேர்க்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்றும், மலை முதலிய அரிய இடங்களில் 3,000 பேர்க்கு ஒன்று என்றும் விதி உள்ளது. ஏரியைப் படகில் கடந்தும் மணலில் நடந்தும் செல்ல வேண்டிய குப்பங்களை அரிய இடங்களாக எண்ணுதலே முறை. நீரும் மலையைப் போலவே மக்களைப் பிரிக்கும் அன்றோ?

பண உதவியின் காலமும் ஈண்டு நோக்கத்தக்கது. பணம் பேற்றுக்குப் பின் வந்தால் கடனை அடைக்கும். பேற்றுக்கு முன் வந்தால் இரத்தத்தை வளர்க்கும். பதிவெண், ஆதார், வங்கிக் கணக்கு என்னும் மூன்றும் ஒத்துவராமல் முதற் தவணை தங்குமாயின், அத்தவணையின் நோக்கமே தவறிவிடும். மற்றொரு சிக்கலும் உண்டு. தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்வது தமிழர் மரபு. கணவன் ஊர்ச் செவிலி எழுதிய ஏடு ஒருபுறம், பிறந்த ஊர்ச் செவிலியின் ஏடு ஒருபுறமாக இருத்தல் கூடும். பெண் வீடு மாறும் அதே நாளில் அவளுடைய இடர்க் குறிப்பும் உடன் செல்லல் வேண்டும். ஏழாம் மாதத்தில் இடம் பெயரும் பெண்ணைக் கணக்கு ஒருமுறை தவறவிட்டால், பேற்று வேதனையிலேயே அவள் மீண்டும் கணக்கில் தோன்றுவாள்.

இரண்டாவது இடர் தொலைவு. பழவேற்காட்டில் ஆரம்ப சுகாதார நிலையமும் பொன்னேரியில் அரசாங்க வைத்தியசாலையும் உள்ளன. இடர் மிகுந்தால் 2022-இல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட திருவள்ளூருக்கோ, வடசென்னையில் இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ வைத்தியசாலைக்கோ செல்லல் வேண்டும். வெயிற்காலத்தில் பகற்பொழுதில் இஃது இயலும். கார்த்திகை மழையில் நள்ளிரவில் ஏரி அலைமோதும்போது யாது செய்வது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னை, திருவள்ளூர் ஜில்லாக்களை வெள்ளத்தில் ஆழ்த்தியதை நாம் அறிவோம். பாலம் இருப்பினும் பாதை மூழ்கினால் வண்டி நிற்கும். 108 வண்டி தரையில் ஓடும், நீரில் ஓடாது.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுவதன்று. நம் நாட்டு மலைப்பகுதிகளில், பழங்குடிப் பெண்கள் பேற்றுக்குச் சில நாட்கள் முன்னரே வந்து தங்குவதற்கென்று ஆரம்ப சுகாதார நிலையங்களை ஒட்டிக் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பட்டன. வேதனை கண்டபின் மலையிறங்குவதினும், வேதனைக்கு முன்னரே இறங்கி இளைப்பாறுவது நன்றென்பது அதன் கருத்து. அவ்வேற்பாடு மலைக்கே உரியதெனக் கருதலாகாது. ஏரிக்கரைக்கும் அதுவே தக்கது. புரட்டாசி முடிவில் இடர் குறிக்கப்பட்ட பெண்களைப் பொன்னேரியிலோ பழவேற்காட்டிலோ அத்தகைய அறைகளில் தங்கச் செய்தல் வேண்டும். ஆனால் ஒன்று: அறை கட்டினாற் போதாது. அவள் விட்டுவந்த மூத்த குழந்தைக்கும் உடன் வரும் தாய்க்கும் இடமும் உணவும் வேண்டும். இழந்த கூலிக்கு ஈடு வேண்டும். இவையின்றேல் அறை வெறுமையாய்க் கிடக்கும். பெண்ணோ குப்பத்திலேயே இருப்பாள். வந்திலளே என்று அவளைப் பழிப்பது எளிது. வர இயலுமாறு செய்வதே அரசியல்.

மூன்றாவதாக நாம் கூறப்புகுவது சிறிது கசக்கக் கூடியது. மேற்கூறிய மகப்பேறு நிதியுதவி, 19 வயது நிரம்பியவர்க்கும் முதல் இரண்டு பேறுகளுக்குமே உரியது என்பது பொதுவிதி. இளவயதுத் திருமணத்தைத் தடுப்பதும் சிறுகுடும்பத்தைப் போற்றுவதும் இவ்விதியின் நோக்கங்கள். நோக்கங்களை நாமும் போற்றுகின்றோம். விளைவோ வேறு. உடல் முதிராத இளம்பெண்ணுக்கு வலிப்பும் குறைமாதப் பேறும் நேரும் அச்சம் மிகுதி. பேறுகள் பல கண்டவளுக்கு இரத்தப் பெருக்கு நேரும் அச்சம் மிகுதி. எவர்க்கு இடர் மிகுதியோ அவரையே உதவியினின்று விலக்கும் விதி, மருத்துவத்தின் கண்கொண்டு நோக்கின், தலைகீழாக நிற்கும் விதியாகும். 15 வயதிலோ 17 வயதிலோ ஒரு சிறுமிக்கு மணம் முடித்தவர் பெரியோர்; தண்டனை பெறுவதோ அச்சிறுமியும் அவள் வயிற்றுச் சிசுவுமே. சட்டத்துக்கு அஞ்சி அவள் தன் கருவையும் வயதையும் மறைப்பாளாயின், செவிலியின் ஏட்டிலும் இடம் பெறாது போவாள். குற்றம் இழைத்தவரை நீதிமன்றம் விசாரிக்கட்டும். வைத்தியசாலையின் வாயில் விசாரணைக் கூடமாதல் வேண்டா.

விதியைத் தளர்த்தினால் மக்கள் பெருக்கம் மிகும் எனச் சிலர் அஞ்சுவர். 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகளே. இத்தகைய நாட்டில் மூன்றாம் பேற்றுக்கு உதவி அளிப்பதால் குடும்பங்கள் பெருகும் என்பது ஆதாரமற்ற அச்சம். சில ஆயிரம் ரூபாயைப் பெறுவதற்காகப் பத்து மாதம் சுமந்து உயிரைப் பணயம் வைக்கும் பெண் எங்கும் இலள். வேறு சிலர், பொதுப்பணம் வரையறையின்றிச் செலவிடற்பாலதன்று என்பர். உண்மையே, வரையறை வேண்டும். அவ்வரையறை இடரின் அளவு பற்றியதாக இருக்கட்டும். 2013-இல் இயற்றிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசாங்கப் பணியில் உள்ளோர் முதலிய சிலர் நீங்கலாக, கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் பாலூட்டும் ஒவ்வொரு தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியை உரிமையாகவே கூறுகின்றது. ஒவ்வொரு என்னும் அச்சொல்லைச் சட்டமன்றத்தார் வீணே பெய்தாரல்லர். குறைந்தது அத்தொகையேனும் எண்ணிக்கையும் வயதும் பாராது எல்லாத் தாய்மார்க்கும் சேரட்டும். இடர் மிகுந்தோர்க்கு அதன்மேலும் சேரட்டும் என்பதே நமது கருத்து.

இனிச் சேயின் பக்கம் திரும்புவாம். பிறந்து ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகளுட் பெரும்பாலோர் முதல் 28 நாட்களுக்குள்ளேயே இறக்கின்றனர். 2,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறப்பனவும் குறைமாதத்திற் பிறப்பனவும் இவற்றுள் மிகுதி. இத்தகைய சிசுக்களுக்கு முதற் பகை குளிர். 1978-இல் தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரத்து மருத்துவர், போதிய கருவிகள் இல்லாமையால், எடை குறைந்த மகவைத் தாயின் மார்போடு தோல் தோலிற் படுமாறு அணைத்துக் கட்டி வளர்க்கும் முறையைக் கையாண்டனர். கங்காரு முறை என்று பெயர் பெற்ற இதனைப் பிறந்தவுடனே தொடங்கினால், எடை மிகக் குறைந்த சிசுக்களின் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைகின்றது என்று உலகச் சுகாதார நிறுவனத்தார் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடத்திய ஆராய்ச்சி 2021-இல் வெளியாயிற்று. மின்சாரமும் கருவியும் வேண்டாத இம்மருந்துக்கு வேண்டுவது தாயின் ஓய்வு ஒன்றே. மீன்கூடை சுமக்கச் செல்லும் தாய் மகவை மார்பில் வைத்திருத்தல் எங்ஙனம்? ஆதலால் தாய்க்கு அளிக்கும் கூலியீடு சேய்க்கு அளிக்கும் மருந்தேயாகும்.

பிரான்ஸ் தேசத்தில் ஃபெக்கான் என்பது ஒரு மீன்பிடி துறைமுகம். அங்கு லியோன் துஃபூர் என்னும் மருத்துவர் 1894-இல் பால்துளி என்று பொருள்படும் பெயரோடு ஒரு நிலையம் தொடங்கினார். தாய்ப்பால் கொடுக்க இயலாதார்க்குத் தூய பால் கிடைத்தது. அதனோடு குழந்தைகள் ஒழுங்காக நிறுக்கப்பட்டனர். வேறு நாடுகளும் அம்முறையைப் பின்பற்றின. குழந்தையின் எடையே அதன் மொழி என்பதை உலகுக்குக் கற்பித்ததில் ஒரு மீனவர் ஊருக்கும் பங்கு உண்டு என்பது நமக்கு ஊக்கம் தருவதன்றோ? வைத்தியசாலையிற் பிறந்த குழந்தையை வீட்டிற் சென்று 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் காண வேண்டும் என்று இன்று ஒழுங்கு உள்ளது. மழையிலும் வெள்ளத்திலும் இந்நாட்கள் தவறாமல் நடைபெறச் செவிலிக்குப் படகுக் கூலி தனியே ஒதுக்குதல் வேண்டும். தன் கைப்பணத்தில் ஏரியைக் கடக்குமாறு ஓர் ஊழியரை விடுவது அறமன்று.

குப்பத்து மக்களைப் பேதையர் என்று எண்ணி அறிவுரை கூறச் செல்வாரைப் பற்றி ஒரு சொல். சீம்பாலைப் பீய்ச்சி எறிதலும், பிறந்த மகவுக்குச் சேனை வைத்தலும் தீமை பயக்கும் பழக்கங்களே. அவற்றை விலக்க வேண்டும். ஆயின் அப்பழக்கங்களைப் போற்றும் பாட்டிமாரே, வளைகாப்பு நடத்திக் கருவுற்றவளைக் கொண்டாடும் நல்ல மரபையும் காத்துவருகின்றனர். அங்கன்வாடிகளில் இன்று நடக்கும் சமுதாய வளைகாப்பு இம்மரபை நல்வழியிற் செலுத்தும் முயற்சியாகும். கிழவியரைப் பகைத்து எவரும் ஒரு குப்பத்தைத் திருத்தியதில்லை. அவர்களைத் துணை கொண்டால் ஆகாததும் இல்லை. சீம்பாலே குழந்தைக்கு முதற் காப்பு என்பதைச் செவிலி சொன்னால் மருமகள் கேட்பாள். மாமியார் சொன்னால் வீடே கேட்கும்.

ஏரிக்கரை ஆடவர்க்கும் ஒன்று கூறுவாம். பழவேற்காட்டு ஏரியில் பாடு என்னும் பழைய முறை உண்டு. எந்த நீர்ப்பரப்பில் எவர் எந்நாள் வலையிடுவது என்பதை ஊரார் கூடி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். வலியவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாதபடி காத்துவந்த அறிவுடைய ஏற்பாடு இது. பாடு என்னும் சொல்லுக்குத் துன்பம் என்றும் பொருள் உண்டு. நீரைப் பங்கிடத் தெரிந்த ஊர், துன்பத்தைப் பங்கிடவும் வல்லதே. மழை மாதங்களில் ஒவ்வோர் இரவும் ஒரு படகும் இரு ஆளும் தாய்மாருக்கென்று முறைவைத்துக் கரையிற் காத்திருக்குமாறு ஊர்ப் பஞ்சாயத்தார் பாடு வகுக்கலாகாதா? எண்ணெய்ச் செலவையும் அவர்தம் கூலியையும் அரசாங்கம் ஏற்கட்டும். ஊரின் ஒழுங்கும் அரசின் பொருளும் கைகோத்தால், எந்த இயந்திரமும் செய்யாததை அவை செய்யும்.

இறுதியாக நம் கல்லூரி மாணவ நண்பர்களுக்கு. இம்மலரைப் படிக்கும் உங்களுட் பலர் நாளை மருத்துவராகவும், ஆசிரியராகவும், அரசாங்க உத்தியோகஸ்தராகவும், வங்கி அலுவலராகவும் விளங்குவீர்கள். ஒரு தாயின் முதற் தவணை உங்கள் மேஜையில் ஒரு வாரம் தங்கக் கூடும்; அந்த வாரத்தின் விலை இன்னதென்று அப்போது நினைவு கூருங்கள். அதுகாறும் காத்திருக்கவும் வேண்டா. விண்ணப்பத் தாளை நிரப்பிக் கொடுத்தல், எண் பிழையைத் திருத்தித் தருதல், விடுமுறையில் அங்கன்வாடிப் பணியாளர்க்குத் துணையாகக் குழந்தைகளை நிறுத்தல், இரத்த தானம் செய்தல் ஆகியவை எந்த மாணவர் சங்கத்துக்கும் எளியவை. பொன்னேரி வைத்தியசாலையிற் பேற்றின்போது இரத்தம் வேண்டப்படும் ஒரு பெண்ணுக்கு, உங்கள் நரம்பிலுள்ள இரத்தத்தினும் பெரிய நன்கொடை வேறொன்றில்லை. பழைய மாணவர்களோ, சட்டமும் திட்டமும் வகுக்கும் இடங்களில் உள்ளனர்; விதியில் உள்ள வழுவை எடுத்துக்காட்டும் கடமை அவர்க்கு உரியது.

சாலையையும் துறைமுகத்தையும் ஒரு மாதம் தாமதித்துக் கட்டலாம், பேறு தாமதியாது. வருகின்ற மழைக்காலத்துக்குரிய பெயர்கள் செவிலியின் ஏட்டில் ஏறத் தொடங்கிவிட்டன. அப்பெயர்களுள் ஒன்றும் இறப்புப் பதிவேட்டுக்கு மாறாதிருக்க, இன்று செய்ய வேண்டுவனவற்றை இன்றே செய்தல் வேண்டும்.